ஆறு மணி ஃபாலினுக்கு ஐந்தரைக்கே நிற்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ராணுவத்தில் சேர்ந்த பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன. ரெக்ரூட்டாக, அதாவது பயிற்சி பெறும் புதுச் சிப்பாயாகச் சேர்ந்து, பின்னாளில் ரெக்ரூட்டுகளுக்கே உஸ்தாதாக, அதாவது பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கீழே சொல்லும் நேரங்கள் பயிற்சி மையத்துக்கு மையம், பருவத்துக்குப் பருவம் அரைமணி முன்னே பின்னே இருக்கும்.

ஐயா, என் மகன் அக்னிவீரராகத் தேர்வாகி நீலகிரியில் உள்ள வெலிங்டன் பயிற்சி மையத்துக்குச் சென்று இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறான், அதுவும் பத்து நிமிடம். “என்னடா செய்கிறாய்?” என்று கேட்டால் “நேரமே இல்லம்மா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நாள் முழுக்க அப்படி என்னதான் செய்கிறார்கள்?
– வாசகி, பாகூர்

அம்மா, உங்கள் மகன் சாக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறான். ரெக்ரூட்டின் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு விசில் சத்தத்தோடு தொடங்குகிறது. கொசுவலையை அவிழ்த்து மடித்து, கம்பளியை நான்கு மூலையும் கத்தியால் வெட்டியதுபோல் மடித்துத் தலைமாட்டில் வைத்து, முகச்சவரம் செய்துகொண்டு (மீசை அரும்பாத பையனாக இருந்தாலும் தினமும் பிளேடு படத்தான் வேண்டும்), எவர்சில்வர் மக்கில் தேநீரை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு, பேரக் என்னும் தங்கும் கூடத்தையும் கழிவறையையும் கூட்டிக் கழுவிய பிறகு வரிசையில் போய் நிற்க வேண்டும். நாற்பது பேருக்கு ஏழெட்டுக் குழாய்கள் என்றால் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த வரிசைக்குத்தான் ஃபாலின் என்று பெயர். ஆறு மணிக்கு ஃபாலின் என்று ஆணை வந்தால், சுபேதார் சாப் பத்து நிமிடம் முன்னதாக ஆட்கள் தயாராக இருக்க வேண்டும் என்பார். பிளட்டூன் ஹவில்தார் தன் பங்குக்கு இன்னொரு பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்வார். செக்‌ஷன் உஸ்தாத் சும்மா இருப்பாரா, அவரும் ஒரு பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வார். ஆக, ஆறு மணி ஃபாலினுக்கு ரெக்ரூட் ஐந்தரைக்கே மைதானத்தில் நிற்பான். நானும் உஸ்தாதாக இருந்த காலத்தில் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு பி.டி. என்னும் உடற்பயிற்சி. வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, கான்வாஸ் காலணி. ஓட்டம், கயிறு ஏறுதல், தண்டால், பார் எடுத்தல் (கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே தூக்குவது) என்று உடம்பு நனைந்து முடிந்ததும் லங்கருக்கு ஓட்டம். லங்கர் என்றால் அங்கே சமையற்கூடமும் சாப்பாட்டு வரிசையும் சேர்ந்த இடம். காலை உணவை விழுங்கி, குளித்து, சீருடை மாற்றி, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு டிரில் மைதானத்தில் நிற்க அவனுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

டிரில் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் கைவீச்சாகத் தெரிகிறது. ‘தேஜ் சல்’ (வேகமாக நட) என்று ஆணை வந்தால் நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வோர் அடியும் 30 அங்குலம். பிறந்து ஓராண்டில் நடக்கக் கற்றுக்கொண்ட பையன் பதினெட்டு வயதில் மறுபடியும் நடக்கக் கற்றுக்கொள்கிறான். தெருவில் நன்றாக நடப்பவன்தான். ஆனால் உஸ்தாத் கண்ணெதிரே நின்று ஆணையிட்டதும் இடது காலோடு இடது கையும் சேர்ந்து முன்னே போகும். ஒவ்வொரு பேட்ச்சிலும் அப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். சிரிப்பவனுக்கும் சேர்த்துத் தண்டனை கிடைக்கும் என்பதால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தக் கையைக் காலிலிருந்து பிரிப்பதற்கு ஒரு வாரம் ஆகும்.

அதற்கு அடுத்தடுத்து ஆயுதப் பயிற்சி, வரைபடம் படித்தல், மறைந்து நகரும் முறை, முதலுதவி, பொது அறிவு என்று நாற்பது நாற்பது நிமிட வகுப்புகள். துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் சுடவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அதைக் கழற்றவும் பூட்டவும் மறுபடி கழற்றவும் பல நாள்கள் போகும். கண்ணை மூடிக்கொண்டு பூட்டும் பழக்கம் வந்த பிறகும் குண்டில்லாமல் குறிபார்த்து, மூச்சைப் பிடித்து, விசையை மெல்ல அழுத்தும் பயிற்சிதான் நீளும். அரங்கில் நடக்கும் வகுப்புகளில் பெரிய எதிரி தூக்கம். காலையில் ஓடிக் களைத்து, வயிறார உண்டு, மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தவனுக்குக் கண் சொருகத்தான் செய்யும். சொருகுகிறவன் தானாகவே எழுந்து பின்சுவர் ஓரமாக நின்றுகொள்ள வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. நின்றுகொண்டே தூங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மதிய உணவுக்குப் பிறகு சிறிது ஓய்வு. மாலையில் விளையாட்டு, அல்லது ஃபெட்டீக் என்று சொல்லப்படும் கூட்டு வேலை, அதாவது புல் வெட்டுவது, கல் பொறுக்குவது, லங்கரில் காய் நறுக்குவது. அந்தி சாயும்போது ரோல்கால். பேர் கூப்பிட்டு எண்ணிக்கை சரிபார்த்து மறுநாளுக்கான ஆணைகளைப் படிப்பார்கள். இரவு உணவுக்குப் பிறகுதான் பூட்ஸுக்குப் பாலிஷ், பித்தளைக் கொக்கிக்குப் பிராசோ, அறுந்த பொத்தானுக்கு ஊசி நூல். பத்து மணிக்கு விளக்கு அணையும். படுத்த மறுநிமிடமே தூங்கிவிடுவார்கள். உங்கள் மகனுக்கு ஏக்கத்தில் தூக்கம் வராமல் போகுமோ என்ற கவலை வேண்டாம்.

வெலிங்டன் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். டிசம்பரிலும் சட்டையில்லாமல் திண்ணையில் படுக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் குழாய்த் தண்ணீரே பெரிய சோதனை. இதுவும் பழகிவிடும். அக்னிவீரர்களுக்குப் பயிற்சி மொத்தம் 31 வாரம். அதில் முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி. அவன் இப்போது அதன் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கிறான். மற்றொன்று: ஓட்டமும் தண்டாலும் உடம்பைக் களைக்கச் செய்யும், அவ்வளவுதான். பையன்களை உண்மையில் திணறடிப்பது, ஒரு நாளின் ஒவ்வொரு நிமிடமும் வேறு யாரோ கையில் இருப்பதுதான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கிடைக்கும் சில மணி நேரத்தில் துணி துவைத்து, முடி வெட்டி, வழிபாட்டுக்குப் போய் வந்து, மிச்சத்தில் பத்து நிமிடத்தை உங்களுக்குத் தந்திருக்கிறான் என்றால், அம்மா, அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

உண்டு. அக்னிவீரருக்கு முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் சேவா நிதிக்கு (பணிக்காலம் முடியும்போது மொத்தமாகக் கிடைக்கும் சேமிப்பு) பிடித்தம் போக 21,000 ரூபாய் கைக்கு வரும். தங்குமிடம், உணவு, சீருடைக்குத் தனியாகச் செலவில்லை.

ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கி.மீ. ஓட வேண்டும் என்பதற்காக ஐந்து மாதமாகப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடுகிறேன். நேரம் ஆறு நிமிடத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வேறு வலிக்கிறது. பயிற்சியில் தினமும் ஓடுவதற்கு இப்போதே பழகிக்கொள்வது நல்லதுதானே?
– வாசகர், அரியாங்குப்பம்

தம்பி, தினமும் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓடுகிறவருக்கு நேரம் குறையாது. முழு மதிப்பெண்ணான 60-ஐ எடுக்க 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் போன்ற இடத்தில் 400 மீட்டர் சுற்றில் நான்கு சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 82 விநாடிதான் கணக்கு. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் ஒரு சுற்றை 80 விநாடியில் ஓடி, இரண்டு மூன்று நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். அப்படி ஐந்தாறு முறை. இன்னொரு நாள் அவசரப்படாமல் ஐந்தாறு கிலோமீட்டர். மற்ற நாள்களில் பார் எடுங்கள். பத்து முறை எடுத்தால் 40 மதிப்பெண் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் பையன்கள்தான் அதிகம்.

எலும்பு வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கெட்டியான தரையில் ஓய்வில்லாமல் ஓடினால் முன்னெலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி காணப்படும் காயம் இது. இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டி, அதுவரை மிதிவண்டி ஓட்டுங்கள், நீந்துங்கள். வலியோடு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மூன்றாம் வாரம் மருத்துவமனையில் படுப்பீர்கள், பிறகு உங்களுக்குப் பின்னால் வந்த பேட்ச்சோடு சேர்த்துவிடுவார்கள். கூட வந்தவர்கள் முன்னே போக, தான் மட்டும் ஜூனியர்களோடு நிற்பது பையன்களுக்குக் காலின் வலியைவிடப் பெரிய வலியாக இருக்கும்.

இப்போதே பழக வேண்டியது என்று கேட்டால், ஓட்டத்தைவிட நாலரை மணிக்கு எழுவதைச் சொல்வேன். அலாரத்தை இரண்டாம் முறை அடிக்க விடாதீர்கள்.

என் மகனுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆணைகள் எல்லாம் இந்தியில்தான் என்கிறார்களே, எப்படிச் சமாளிப்பான்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

டிரில் ஆணைகள் இந்தியில்தான் இருக்கும். ஆனால் அவற்றைக் காது புரிந்துகொள்வதற்கு முன்னால் கால் புரிந்துகொள்ளும். ‘சாவ்தான்’ என்றால் பக்கத்தில் இருப்பவன் குதிகாலைச் சேர்க்கிறான், இவனும் சேர்க்கிறான். ‘விஷ்ராம்’ என்றால் அகட்டுகிறான். நாலு நாளில் பாடம் முடிந்தது. வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் என்பதால் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளே பெரும்பான்மை. உஸ்தாதுகளிலும் நம்மவர்கள் உண்டு. பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையினருக்கோ ‘தம்பி’ என்பதே ராணுவம் முழுவதும் வழங்கும் பட்டப்பெயர்.

சிரமம் வகுப்பில்தான் வரும். ஆயுதத்தின் பாகங்கள், குறைபாடு ஏற்பட்டால் சரிசெய்யும் வரிசை இவற்றை வாய்விட்டு ஒப்பிக்கச் சொல்வார்கள். என் பேட்ச்சில் பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், புரியாத இந்தி வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு, தேவாரம் ஓதுவதுபோல் இராகத்தோடு மனப்பாடம் செய்தான். பொருள் தெரிய மூன்று மாதம் ஆனது. ஒப்பித்தலில் முதல் வாரத்திலேயே அவன்தான் முதல்.

உஸ்தாதுகள் அடிப்பார்கள், ஒருவன் தப்புச் செய்தால் எல்லாரையும் உருட்டுவார்கள் என்று கேள்விப்படுகிறோம். இது நியாயமா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

இரண்டும் வேறு வேறு. கீழே இருப்பவரை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி குற்றம். அப்படி நடந்தால் உங்கள் மகன் பிளட்டூன் சாப் வழியாகக் கம்பெனி கமாண்டர் வரை கொண்டுபோகலாம், கொண்டுபோக வேண்டும். “அந்தக் காலத்தில் எங்களை அடித்தார்கள், நாங்கள் நன்றாகத்தான் வந்தோம்” என்று மீசை முறுக்குகிற என் வயதுக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கூட்டாக வாங்கும் தண்டனை வேறு வகை. அதற்கு ரக்டா என்று பெயர்: துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுவது, குட்டிக்கரணம் போட்டபடி மைதானத்தைக் கடப்பது, தவளைபோல் தாவுவது. நான் ரெக்ரூட்டாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது எங்கள் கையில் இருந்தது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. சுடும் இடத்தில் ஆளுக்கு ஐந்து குண்டு. சுட்டு முடித்ததும் வெளியே தெறித்த வெற்றுத் தோட்டாக்களை, அங்கே அதைக் ‘கோக்கா’ என்பார்கள், பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு ஒன்று குறைந்தது. எங்கள் செக்‌ஷன் பத்துப் பேரும் முட்டிபோட்டுப் புல்லை விரலால் கோதிக்கோதித் தேடினோம். வெயில் இறங்கியது, லங்கரில் சாப்பாட்டு நேரமும் முடிந்தது, தேடலுக்கு நடுவில் இரண்டு முறை ரக்டா வேறு. கடைசியில் பேரக்குக்குத் திரும்பி நான் பூட்ஸைக் கழற்றியபோது காலுறைக்குள்ளிருந்து அந்தக் கோக்கா சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. எனக்கு இடப்பக்கம் படுத்துச் சுட்டவனுடைய துப்பாக்கியிலிருந்து தெறித்து என் பூட்ஸுக்குள் போயிருக்கிறது. சூடு பட்டதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு பயம். ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு உஸ்தாதிடம் போனபோது, கேட்காமலே இரண்டு பேர் கூட வந்தார்கள்.

நியாயமா என்று கேட்டீர்கள். அந்த ஒன்பது பேருக்கு அன்று அது நியாயமில்லைதான். ஆனால் அதன் பிறகு எங்கள் செக்‌ஷனில் எவனுடைய பொத்தான் அறுந்திருந்தாலும் ஃபாலினுக்கு முன்பே இன்னொருவன் பார்த்துச் சொல்லிவிடுவான்.

என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். எண்பது வயதிலும் போர்வையைச் சதுரமாக மடித்து வைத்த பிறகுதான் காபி குடிப்பார். பிரெஞ்சுப் பயிற்சியும் நம் பயிற்சியும் ஒன்றுதானா?
– வாசகர், புதுச்சேரி

போர்வை மடிப்பில் எல்லா நாட்டு ராணுவமும் ஒன்றுதான். காலையில் எழுப்பும் பியூகிள் ஒலிக்கு நம் ராணுவத்தில் ‘ரெவெலி’ என்று பெயர். ‘எழுந்திருங்கள்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டது அது. உங்கள் தாத்தாவை எழுப்பிய சொல்தான் என்னையும் எழுப்பியிருக்கிறது.

இதில் நம் ஊர்களுக்கும் பங்குண்டு. உள்நாட்டுச் சிப்பாய்களை ஐரோப்பிய முறையில் வரிசைகட்டிச் சுடப் பழக்குவதில் முந்திக்கொண்டவர்கள் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள். 1746-இல் அடையாற்றங்கரையில் அப்படிப் பழகிய ஒரு சிறு படை ஆற்காட்டு நவாபின் பெரும் படையைக் கலைத்த பிறகுதான் ஆங்கிலேயருக்குக் கண் திறந்தது. 1748-இல் வந்திறங்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிய இடம் நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டை. பத்தாண்டு கழித்து, 1758-இல், அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றினார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பைக் கணக்கிடுவதும் அதே 1758-இலிருந்துதான். இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்களும் போட்டி போட்டு ஃபாலின் நின்றிருக்கின்றன.

பெண்களுக்கும் இதே பயிற்சிதானா?
– மாணவி, பண்ருட்டி

சிப்பாய் நிலையில் பெண்கள் ராணுவக் காவல் படையில் சேர்கிறார்கள். பெங்களூரில் 61 வாரம் பயின்ற முதல் அணியின் 83 பேர் 2021 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். விடியற்காலை விசிலும் டிரிலும் ஆயுதப் பயிற்சியும் அவர்களுக்கும் உண்டு. அதிகாரியாக விரும்பினால் பட்டப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியைக் குறிவையுங்கள். அங்கே 1992 முதல் பெண்கள் பயின்று வருகிறார்கள்.

அடுத்த மாதம் மகனுக்குக் கசம் பரேடு. எங்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எடுத்துப் போகலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
– பெற்றோர், கடலூர் முதுநகர்

சத்தியப் பிரமாணம் எடுக்கும் அணிவகுப்பு அது. அன்றோடு அவன் ரெக்ரூட் இல்லை, சிப்பாய். அழைப்பில் எட்டு மணி என்று போட்டிருந்தால் ஏழேகாலுக்கே இருக்கையில் இருங்கள்; காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். எல்லாரும் ஒரே சீருடையில், ஒரே உயரத்தில், ஒரே முடிவெட்டில் இருப்பதால் உங்கள் மகனை உடனே கண்டுபிடிக்க முடியாது. எத்தனையாவது வரிசையில் எத்தனையாவது ஆள் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவன் உங்களைக் கடந்து போகும்போது திரும்பிப் பார்க்க மாட்டான். மனம் சுணங்க வேண்டாம். அணிவகுப்பு முடிந்த பிறகு பெற்றோருக்குக் கௌரவ் பதக் என்ற பதக்கத்தை அணிவிப்பார்கள். அம்மாவுக்குப் பருத்திப் புடவை வசதி. பட்டில் ஊசி குத்தினால் நூல் இழுத்துக்கொள்ளும்.

தின்பண்டம் கொண்டுபோனால் அவன் ஒருவனுக்கு என்று கொண்டுபோகாதீர்கள், பேரக் முழுவதும் கை நீளும். முறுக்கும் பண்ருட்டி முந்திரியும் கெடாது. வெலிங்டனுக்குப் போவதானால் உங்களுக்கு ஸ்வெட்டர். விடுமுறையில் கூட வருவான் என்பதற்காக அவனுடைய பழைய சட்டைகளை எடுத்துப் போக வேண்டாம், தோள் பொருந்தாது. ஒரு கைலி மட்டும் போதும்.